தைலம் தெளிக்கும் முன் ஒரு கைப்பிடி விதை

போன வருடம் மார்ச் மாதம் பினாங்கு குளுகோரில் என் வீட்டுக் கொல்லையில் இரண்டு தட்டு மிளகாய் நாற்று வைத்திருந்தேன். தட்டுக்குப் பதினெட்டு. நாலு இலை விட்டு, இன்னும் ஒரு வாரத்தில் தொட்டிக்கு மாற்றலாம் என்ற பருவம். ஒரு தட்டில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. செராய் (எலுமிச்சைப் புல்) தைலம் தெளித்தால் பூச்சி போய்விடும், செடிக்கு ஒன்றும் ஆகாது, இயற்கைப் பொருள்தானே என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி தைலம், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெளித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இலைகள் வெந்த கீரை மாதிரி கரும்பச்சையாகத் துவண்டு கிடந்தன. மூன்றாம் நாள் தட்டு முழுக்கப் பழுப்பு. தெளிக்காத தட்டு பக்கத்திலேயே நன்றாக நின்றது.

இரண்டு தேக்கரண்டி என்றால் 10 மில்லி. லிட்டருக்கு 10 மில்லி என்றால் ஒரு சதவீதம். காதுக்கு ரொம்பக் குறைவாகத்தான் கேட்கிறது. ஆனால் இளம் நாற்றுக்கு அது கொல்லும் அளவு. இடைநிலைப்பள்ளி ஒன்றில் 24 வருடம் அறிவியல் கூட உதவியாளராக இருந்தவள் நான். அளந்து ஊற்றுவதுதான் என் வேலையாக இருந்தது. அன்றைக்கு அளந்தேன், ஆனால் அந்த அளவு என்ன செய்யும் என்று முதலில் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமாகச் சோதித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே யாரும் செய்யலாம்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் மிளகாய் மட்டும் இல்லை. என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தார். பால்மர வரிசைகளுக்கு நடுவே லாலாங் புல்லுக்கும் மற்ற களைகளுக்கும் அடித்த மருந்து பாராகுவாட். முதுகில் பம்பு, கையில் உறை கிடையாது. அம்மாவின் நகங்கள் கறுத்து, கழன்று, திரும்ப முளைத்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட்டுக்குத் தடை வந்தது. அதைப் பார்க்க அம்மா இல்லை. செடியிலிருந்தே ஒரு களை மருந்து கிடைக்குமா என்ற ஆசை எனக்கு அங்கிருந்து வந்தது. அந்த ஆசையால்தான் 'இயற்கை' என்று கேட்டவுடன் நம்பிவிட்டேன் என்று இப்போது புரிகிறது.

வாசனைக்குள் என்ன இருக்கிறது

செடி தைலத்தை நமக்காகச் செய்யவில்லை. கடிக்க வரும் பூச்சிக்கும், இலையில் ஏறும் பூஞ்சைக்கும், சில நேரங்களில் பக்கத்தில் முளைக்கும் இன்னொரு செடிக்கும் எதிராகச் செய்கிறது. ஒரு செடி வெளியிடும் பொருள் இன்னொரு செடியைப் பாதிப்பதற்கு அல்லெலோபதி என்று 1937-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் பெயர் வைத்தார்.

செராய் தைலத்தில் பெரும் பங்கு சிட்ரால். கிராம்புத் தைலத்தில் யூஜெனால். காயு பூத்தே (கஜபுட்டி) மரத்தின் தைலத்திலும் யூகலிப்டஸ் தைலத்திலும் சினியோல். இவை எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. யூஜெனால் இலையில் பட்டால் உயிரணுவின் மேல்சவ்வைக் குலைக்கிறது. உள்ளே இருக்கும் சாறு வெளியே கசிகிறது. இலை முதலில் ஈரமாக, எண்ணெய் பட்ட காகிதம் போலத் தெரிவது அதனால்தான். சிட்ரால் அதோடு வேரின் நுனியில் உயிரணு பிரிவதற்குத் தேவையான நுண்குழாய்களையும் கலைக்கிறது. வேர் நுனி பிரிந்து பிரிந்துதான் வேர் நீள முடியும், அது நின்றால் வேர் கட்டையாக, சில நேரம் வீங்கி நின்றுவிடும். சினியோலும் கற்பூரமும் வேர் நுனியில் உயிரணு பிரிவதைத் தடுக்கும். அதனால் கண்ணில் படும் அடையாளமும் மாறும். இலை கருகினால் ஒரு கதை, விதை முளைக்காமல் கிடந்தால் வேறு கதை, முளைத்தும் வேர் நீளாவிட்டால் இன்னொரு கதை. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

முதலில் தைலம். லெபு பாசார் கடைத்தெருவிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் குப்பிகளில் பாதி, தைலம் கலந்த தேய்ப்பு எண்ணெய்கள். மெந்தால், வேறு எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும். உடம்பு வலிக்கு அவை நல்லவை, இந்தச் சோதனைக்கு உதவாது. லேபிளில் செடியின் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். சமையல் செராய் சிம்போபோகன் சிட்ராட்டஸ். கொசுவுக்குப் பூசும் 'செராய் வங்கி' என்ற வகை சிம்போபோகன் நார்டஸ், அதில் இருப்பது சிட்ரோனெல்லால். இரண்டும் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். சுத்தமான தைலம் ஏறக்குறைய முழுக்கப் பறந்துவிடும். கடலை எண்ணெய் சிந்தியது போல் திட்டு நின்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. கிராம்புத் தைலம் மட்டும் மெதுவாகப் பறக்கும், அதற்கு இரண்டு நாள் கொடுங்கள்.

அப்புறம் 1 மில்லி இன்சுலின் ஊசி, ஊசிமுனை இல்லாமல். நூறு அலகு போட்டிருக்கும், ஒரு அலகு 0.01 மில்லி. சொட்டுக் கணக்கு வேண்டாம், ஒவ்வொரு தைலத்தின் சொட்டும் ஒவ்வொரு பருமனில் விழும். தைலம் ரப்பரை ஊதச் செய்யும், அதனால் ஒவ்வொரு தடவையும் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

தைலம் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்தால், முதல் பெட்டிக்குத் தைலமும் கடைசிப் பெட்டிக்கு வெறும் தண்ணீருமாகப் போய்விடும். கலக்கிப் பிடித்து வைக்க பாலிசார்பேட் 20 வேண்டும். வீட்டில் சோப்புச் செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் இருக்கும் மற்ற வாசனையும் உப்பும் விதையைப் பாதிக்கும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன்.

மீதி எல்லாம் வீட்டில் உண்டு. சாப்பாடு கட்டிக்கொடுக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், வாசனை இல்லாத வெள்ளை டிஷ்யூ, அளவுகோல், பென்சில், ஒரு நோட்டு. பெட்டி பாலிஸ்டைரினாக இருக்க வேண்டாம், தைலம் அதை அரித்துவிடும். விதைக்குப் பாசிப்பயறு, கடுகு, பாயாம் (கீரை) மூன்றும் போதும். பாசிப்பயறு பெரியது, உள்ளே சாப்பாடு நிறைய வைத்திருக்கிறது, கொஞ்சம் தாங்கும். பாயாம் விதை மணல் மாதிரி, சீக்கிரம் அடங்கிவிடும். கடுகு நடுவில். மளிகைக்கடைக் கடுகும் பயறும் பழையதாக இருக்கலாம். அதனால் எதையும் தொடங்கும் முன் வெறும் தண்ணீரில் 20 விதை போட்டுப் பாருங்கள். 16-க்குக் குறைவாக முளைத்தால் வேறு கடையில் வாங்குங்கள்.

கரைசல்

முந்தின நாள் இரவே குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் பிடித்து வையுங்கள், குளோரின் போகட்டும். காலையில் ஒரு கண்ணாடிப் போத்தலில் 1 மில்லி தைலத்தையும் 1 மில்லி பாலிசார்பேட்டையும் முதலில் தனியாகக் கலக்குங்கள். பிறகு 198 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்குங்கள். பால் போல் வெளுக்கும். இது 0.5 சதவீதம். அதில் 20 மில்லி எடுத்து 80 மில்லி தண்ணீரில் விட்டால் 0.1. அதிலிருந்து 20 மில்லி, மறுபடி 80 தண்ணீர், 0.02. மூன்று அளவு கிடைத்துவிட்டது.

இன்னும் இரண்டு போத்தல் வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் 199 மில்லி தண்ணீரும் 1 மில்லி பாலிசார்பேட்டும், தைலம் இல்லாமல். இந்த இரண்டாவது போத்தலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் விதையைத் தடுத்தது தைலமா, அதைக் கலக்கிய பொருளா என்று சொல்லவே முடியாது. என் மிளகாய் நாற்று விஷயத்தில்கூட எவ்வளவு பங்கு செராய்க்கு, எவ்வளவு சோப்புக்கு என்று என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் தெளித்த தட்டு ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு கட்டினால் பெரிய ஆய்வுக்கும் இது நடக்கும். கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கம் மலைச்சரிவில் சால்வியா என்ற வாசனைப் புதர் உண்டு. துளசிக் குடும்பம்தான். அந்தப் புதரைச் சுற்றி ஓரிரு மீட்டருக்குப் புல்லே இல்லாமல் மண் வெறிச்சென்று கிடக்கும், அதைத் தாண்டித்தான் புல்வெளி ஆரம்பிக்கும். 1964-இல் கார்னீலியஸ் முல்லரும் அவருடன் இருந்தவர்களும் அந்தப் புதரின் இலையிலிருந்து பறக்கும் கற்பூரமும் சினியோலும் புல் நாற்றைத் தடுக்கின்றன என்று எழுதினார்கள். சோதனைக்கூடத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 1970-இல் புரூஸ் பார்த்தலோமியூ அதே மாதிரி வெற்று நிலத்தில் கம்பி வலைக் கூண்டுகளை வைத்தார். கூண்டுக்குள் செடி வளர்ந்தது. புதருக்குள் ஒளிந்து வாழும் எலிகளும் மற்ற பிராணிகளும் வெளியே தூரம் போகப் பயந்து, பக்கத்தில் இருப்பதையே தின்று தீர்த்திருக்கின்றன. வாசனைக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அந்த வெற்று நிலத்தை வாசனையால் மட்டும் விளக்க முடியாது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஒரு கம்பி வலை ஆறு வருட நம்பிக்கையை அசைத்தது.

பெட்டி வைப்பது

பெட்டிக்கு இரண்டு அடுக்கு டிஷ்யூ. ஊசியால் 5 மில்லி கரைசல், ஒரே சீராக. அதன் மேல் 20 விதை, ஒன்றை ஒன்று தொடாமல். மூடி போட்டுப் பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா மை தைலம் பட்டால் அழிந்துவிடும். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று பெட்டி. ஐந்து போத்தல், மூன்று பெட்டி, ஒரு விதைக்குப் பதினைந்து பெட்டி ஆகும். முதல் தடவை கடுகோடு மட்டும் தொடங்குங்கள். ஒரே பெட்டியில் அறுபது விதை போட்டுவிட்டால் போதாதா என்று என் பேத்தி கேட்டாள். போதாது. ஒரு பெட்டியில் மூடி சரியாக மூடாமல் ஈரம் காய்ந்துபோனால் அறுபதும் போய்விடும். மூன்று பெட்டியாக இருந்தால் அதில் ஒன்று மட்டும் மாறி நிற்பது தெரியும்.

இப்போது நான் ஒரு வாரத்தை வீணாக்கிய இடம். முதல் தடவை எல்லாப் பெட்டிகளையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்தேன். வெறும் தண்ணீர்ப் பெட்டியில்கூட கடுகு ஒரு நாள் தாமதமாக முளைத்தது. கதவைத் திறந்தாலே கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. தைலம் பறக்கும் பொருள், மூடிக்கு வெளியே வந்து பக்கத்துப் பெட்டிக்குள்ளும் போகும். ஆகவே தைலம் இல்லாத பெட்டிகளை வேறு அறையில் வையுங்கள். இரண்டு அறையிலும் வெளிச்சமும் சூடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான் தண்ணீர்ப் பெட்டிகளைக் கூடத்திலும் தைலப் பெட்டிகளைப் பின்னறையிலும், இரண்டையும் நிழலில், தரையில் வைக்கிறேன்.

நம் ஊர்ச் சூட்டில் பாசிப்பயறு ஒன்றரை நாளில் முளை காட்டும், கடுகு இரண்டு மூன்று நாள், பாயாம் மூன்று நான்கு நாள். தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். வேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு. இந்த அளவை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாம் விரும்பும் பெட்டியில் கண் தாராளமாக எண்ணும். கடைசி நாளில் ஒவ்வொரு வேரையும் நேராக்கி அளவுகோலில் அளந்து எழுதுங்கள்.

என் நோட்டில் செராய் தைலத்துக்கு இப்படி இருக்கிறது. 0.5 சதவீதத்தில் கடுகும் பாயாமும் ஒன்றுகூட முளைக்கவில்லை. 0.1-இல் பாயாம் சுத்தமாக நின்றது, கடுகு இருபதுக்கு மூன்று நான்கு. பாசிப்பயறு பெரும்பாலும் முளைத்தது, ஆனால் வேர் தண்ணீர்ப் பெட்டியில் இருந்ததில் பாதிகூட இல்லை, நுனி பழுப்பு. 0.02-இல் கடுகு ஏறக்குறைய எல்லாமே முளைத்தது, கொஞ்சம் தாமதமாக. கிராம்பு இன்னும் கடுமை. காயு பூத்தே இரண்டையும் விட மென்மை. உங்கள் குப்பி வேறு, உங்கள் விதை வேறு, எண்கள் மாறும். எந்த அளவில் எது நிற்கிறது என்ற வரிசை மட்டும் பெரும்பாலும் இதேபோல் வரும் என்று நினைக்கிறேன்.

மிகக் குறைந்த அளவில் சில நேரம் வேர் தண்ணீர்ப் பெட்டியை விட நீளமாக வரும். விஷம் மிகக் கொஞ்சமாகப் பட்டால் செடி விறுவிறுப்பாக வளர்வது உண்மையில் உள்ளதுதான். ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டு அதை உரம் என்று நம்பிவிடாதீர்கள். எனக்கு ஒரு முறை வந்தது, அடுத்த இரண்டு முறை வரவில்லை.

முளைக்காத விதையைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி, புது டிஷ்யூவில் வெறும் தண்ணீர் விட்டு இன்னும் நாலு நாள் வையுங்கள். முளைத்தால் தைலம் அதைத் தூங்க வைத்திருந்தது என்று அர்த்தம். முளைக்காமல் அழுகினால் கொன்றுவிட்டது. தோட்டத்தில் இந்த இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தூங்கும் களை விதை மழை பெய்து தைலம் கழுவப்பட்டதும் எழுந்து வரும். செராய் 0.1-இல் நின்ற கடுகில் கொஞ்சம் எழுந்தது. கிராம்பு 0.5-இல் கிடந்தவற்றில் ஒன்றும் எழவில்லை.

தொடாமலே தடுப்பது

இதற்கு மூடியுள்ள ஜாம் போத்தல்கள் வேண்டும், கண்ணாடியாக இருக்கட்டும். அடியில் ஈர டிஷ்யூவும் பத்துக் கடுகும். மூடியின் உட்பக்கம் ஒரு பஞ்சு ஒட்டி, அதில் 0.02 மில்லி தைலம், அதாவது ஊசியில் இரண்டு அலகு. விதை தைலத்தைத் தொடவே தொடாது. இன்னொரு போத்தலில் பஞ்சில் தண்ணீர். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் காற்றில் போகும் வாசனை என்ன செய்கிறது என்று தெரியும்.

இந்த வழியைத்தான் பெரிய அளவில் உருளைக்கிழங்குக் கிடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். நெதர்லாந்தில் சீமைச்சோம்பிலிருந்து எடுத்த கார்வோன் என்ற வாசனைப் பொருளின் ஆவியால் கிழங்கில் முளை வராமல் நிறுத்தியிருக்கிறார்கள். கிராம்புத் தைலமும் அதற்கு உதவும். வீட்டில் நான் செய்து பார்த்தேன். முளை அடங்கியது உண்மை, ஆனால் சாம்பாரில் கிராம்பு வாசனை வந்தது. நாங்கள் மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு கிலோ வாங்கிச் சமைத்துவிடுவதே சுலபம்.

இலை, களை

விதையில் தேறிய அளவு இலையில் தேறும் என்று நினைக்க வேண்டாம், தனியாகப் பாருங்கள். பூச்சிக்காகச் செடியில் தெளிக்க நினைத்தால் ஒரு செடியில் ஒரு இலையின் பாதியில் பஞ்சால் தடவி, இரண்டு முழு நாள் காத்திருங்கள். மற்றப் பாதியில் தைலம் இல்லாத கரைசல். தைலப் பாதி மட்டும் கண்ணாடி போல் ஈரமாகத் தெரிந்தாலோ ஓரம் சுருண்டாலோ அளவைப் பாதியாக்குங்கள். இளந்தளிரில் தெளிக்கவே வேண்டாம். வெயில் ஏறியதும் வேண்டாம். மாவுப்பூச்சிக்கு இப்போது நான் ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்கிறேன், முப்பது செடி வரைக்கும் அதுவே போதுமானது.

களைக்கு வேறு கணக்கு. அங்கே இலை வேக வேண்டும். கிராம்புத் தைலத்தால் இலையைக் கருக்க 5 சதவீதம் போல வேண்டும், லிட்டருக்கு 50 மில்லி. ஒரு சின்னக் குப்பி 10 மில்லிதான், அதனால் செலவு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரை விரிசலில் முளைக்கும் சின்னக் களைகளுக்கு, இரண்டு முதல் நாலு இலை இருக்கும்போது, பனி காய்ந்த காலை ஒன்பது பத்து மணிக்கு, அன்று மழை இல்லை என்று தெரிந்தால் அடியுங்கள். அன்று மாலையே சுருண்டிருக்கும். ஆனால் தைலம் பட்ட இடத்தை மட்டுமே எரிக்கும், செடிக்குள் இறங்கி வேருக்குப் போகாது. கோரைக்குக் கிழங்கு கீழே இருக்கிறது, லாலாங்குக்குத் தண்டு மண்ணுக்குள் ஓடுகிறது, இரண்டும் சில வாரத்தில் திரும்ப வந்துவிட்டன. அம்மா இருந்திருந்தால் லாலாங் என்றதுமே இதைச் சொல்லியிருப்பார். உண்மையைச் சொன்னால், விரிசல் களைக்குக் கொதிக்கும் தண்ணீரும் இதே வேலையைச் செய்கிறது. காசும் மிச்சம். நான் இப்போது கெட்டிலைத்தான் எடுத்துப் போகிறேன்.

வேர் வரை போகும் மருந்தும் செடியிலிருந்து வந்திருக்கிறது, ஆனால் நேரடியாக இல்லை. சிவப்புத் தூரிகை போலப் பூக்கும் பாட்டில்பிரஷ் மரத்தின் அடியில் களை குறைவாக இருப்பதை 1977-இல் கலிபோர்னியாவில் ஒரு வேதியியலாளர் கவனித்தார். அதில் இருந்தது லெப்டோஸ்பெர்மோன். அப்படியே களை மருந்தாகப் பயன்படுத்த நிறைய ஊற்ற வேண்டியிருந்தது, அதனால் அதைப் போன்ற பொருள்களை ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, கடைசியில் மீசோட்ரையோன் வந்தது. 2001-இல் மக்காச்சோளக் காட்டுக்கு விற்பனைக்கு வந்தது. களை கருகாது, வெளுத்துப் போய்ச் சாகும். ஒரு மரத்தடியைக் குனிந்து பார்த்ததிலிருந்து கடைக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

உயிருள்ள செடியும் காய்ந்த இலையும்

செராய்ப் புதர் பக்கத்தில் பாயாம் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம். உயிருள்ள இலையில் தைலம் உயிரணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கொஞ்சம் வெளியே வந்தாலும் நம் ஊர்க் காற்றும் மழையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் அதைத் தீர்த்துவிடும். என் கொல்லையில் செராயிலிருந்து ஒரு அடி தள்ளி பாயாம் வருடம் முழுக்க வருகிறது. நிழல்தான் அதற்குப் பெரிய எதிரி.

வெட்டிய இலையைப் பரப்புவது வேறு விஷயம். பாலிக் புலாவில் இருக்கும் என் நாத்தனார் ஒரு மூட்டை காய்ந்த கிராம்பு இலை கொடுத்தார். கிராம்பு இலையிலும் யூஜெனால் நிறைய. அதை மூன்று விரல் கனத்துக்குத் தொட்டியில் பரப்பிப் பாயாம் விதைத்தேன். பக்கத்துத் தொட்டியில் அதே கனத்துக்கு ரம்புத்தான் இலை, மூன்றாவது தொட்டியில் ஒன்றும் இல்லை. ரம்புத்தான் தொட்டியிலேயே பாதிக்கு மேல் குறைந்தது, ஏனென்றால் இருட்டு. கிராம்புத் தொட்டியில் அதிலும் கால்வாசிதான். ரம்புத்தான் தொட்டி இல்லாவிட்டால் முழுப் பழியையும் கிராம்பு மேல் போட்டிருப்பேன். வளர்ந்த மரத்தடியில் களையை அடக்க இந்த இலை நல்லது, விதைக்கும் பாத்தியில் வேண்டாம். அல்லது இரண்டு மாதம் மட்கவிட்டுப் பிறகு போடுங்கள்.

தைலம் தெளித்த மண்ணில் எப்போது விதைக்கலாம் என்பதற்கு நாள் கணக்கு சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். தெளித்த இடத்து மண் ஒரு கப், தெளிக்காத இடத்து மண் ஒரு கப். இரண்டிலும் இருபது கடுகு. இரண்டும் ஒன்றுபோல் முளைத்தால் விதையுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை கொஞ்சம் உண்டு. கலக்கும்போது கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள், அடுப்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். குப்பிகள் பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது, யூகலிப்டஸ் தைலம் சிறு குழந்தை விழுங்கினால் ஆபத்து. பூனை இருக்கும் வீட்டில் தெளித்த இடத்தை மூடி வையுங்கள், பூனையின் ஈரல் இந்தப் பொருள்களைச் சரியாக வெளியேற்றாது. நன்றாக வேலை செய்கிறது என்று போத்தலில் ஊற்றிக் களை மருந்தாக விற்கக் கிளம்பவும் வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யாமல் விற்க முடியாது. அம்மாவின் கைகளை நினைத்தால் அந்தச் சட்டம் சரி என்றே எனக்குப் படுகிறது.

மிஞ்சிய கரைசலை வீட்டு முன் வடிகாலில் ஊற்றாதீர்கள். குளுகோர் வடிகால் நேராகக் கடலுக்குப் போகிறது, மீனுக்கு இந்தத் தைலங்கள் ஆகாது. அகலத் தட்டில் ஊற்றி, மழை படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் பெரும் பகுதி பறந்துவிடும். மீதியைப் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடுங்கள்.